பத்து நிமிடத்தில் முகம் கழுவச் சொன்னார்கள்

வியாழக்கிழமை எல்லாரும் முகத்துக்கு ஏதாவது போட்டுக்கொண்டு பளிச்சென்று வரவேண்டும் என்று மேலாளர் சொன்னபோது, சுத்த அறையில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

"சார், நாங்க பவுடர் போட்டா மீட்டர் கத்தும்."

"போட்டோ எடுக்கிறது வெளியே ஹாலில்தாம்மா. எடுத்ததும் கழுவிட்டு உள்ளே போங்க. அவ்வளவுதானே."

"கழுவ அரை மணி, காய அரை மணி சார். சுவத்துல எழுதியிருக்கு."

"எல்லாத்துக்கும் நேரம் ஒதுக்கியிருக்கேன். நீங்க வந்தா போதும், களையா."

மேலாளருக்கு முப்பத்தைந்து வயது. வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கையைத் தூக்கியவளுக்கு நாற்பத்திரண்டு வயது. வந்து பதினோரு வருடம். தொழிற்சாலையில் அவளை எல்லாரும் தூசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், முகம் கழுவுவதற்கு ஒரு மனுஷி ஏன் இத்தனை கோபப்பட வேண்டும் என்று தோன்றும். கோபப்பட்டதில் தப்பே இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் செய்வது கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ். புரை விழுந்த கண்ணில் பழைய வில்லையை எடுத்துவிட்டு மருத்துவர்கள் உள்ளே வைக்கிறார்களே, அது. உடைத்த பருப்பளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் மீசை மாதிரி மெல்லிய கால்கள். அதன்மேல் ஒரு தூசி ஒட்டியிருந்து யாருடைய கண்ணுக்குள்ளாவது போய்விட்டால், அந்த ஆள் ஆயுசுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே, லென்ஸைக் கடைசியாகப் பார்த்து டப்பியில் அடைக்கும் அறைக்குள் வடிகட்டிய காற்று மட்டுமே வரும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, முக்காடு, முகமூடி, கையுறை. வெளியே தெரிவது இரண்டு கண்ணும் ஒரு சாண் நெற்றியில் பாதியும்தான். அறையின் மூலையில் ஒரு பெட்டி காற்றை உறிஞ்சித் தூசியை எண்ணிக்கொண்டேயிருக்கும். அளவு தாண்டினால் கத்தும். அதைத்தான் அவர்கள் மீட்டர் என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மூன்று பேர் பார்த்துச் சரி என்று அனுப்பிய தட்டில் ஒரு லென்ஸை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கால் மணி நேரம் விடாமல் பார்த்தாள் அவள். கால் சேரும் இடத்தில் ஒரு துணி நூல். தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். தேடிப் பார்த்ததில், புதிதாக வந்த கையுறையின் விளிம்பு பிரிந்து எல்லாத் தட்டிலும் நூல் உதிர்ந்திருந்தது. ஆயிரத்துக்கும் மேல் லென்ஸ்களைத் திரும்ப எடுத்தார்கள். அன்றிலிருந்து தூசியக்கா. கேலியாக வைத்த பெயர், பிறகு மரியாதையாகிவிட்டது.

இனி, இந்த வேலைக்குப் போகிறவள் எப்படித் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று பாருங்கள். முகத்தில் பவுடர் கூடாது. கிரீம் கூடாது. கண்மை, உதட்டுச் சாயம், நகப்பூச்சு, வாசனைத் தைலம் எதுவும் கூடாது. தலையில் எண்ணெய் கூடாது. எண்ணெயில் ஒட்டும் தூசி, முக்காட்டைச் சரிசெய்யும்போது உதிரும். நகம் இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். மோதிரம், வளையல், தோடு எல்லாம் வீட்டிலேயே. சளி பிடித்தால் உள்ளே விடமாட்டார்கள். தோல் வறண்டு செதில் உதிர்ந்தாலும் மீட்டர் கத்தும் என்பதால் முன்பெல்லாம் வாசனையில்லாத ஒரு களிம்பைக் கம்பெனியே கொடுத்துவந்தது. புது மேலாளர் வந்த இரண்டாம் மாதம் அது நின்றது. ஒரு நாளில் ஆறு தடவை கழுவும் கை, களிம்பில்லாமல் வெடிக்கத் தொடங்கியது.

மற்றவர்கள் வேலைக்குப் போகும்போது பூசிக்கொள்கிறார்கள். இவள் துடைத்துக்கொண்டு போனாள். இதுவும் அலங்காரம்தான், இதற்கும் நேரம் வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரு கல்யாணத்தில் நாத்தனார், நாலு பேர் நடுவில், "என்ன அண்ணி, ஊறப்போட்டு அலசின துணி மாதிரி வந்து நிக்கிறீங்க. அண்ணன் ஒரு பவுடர் டப்பாகூட வாங்கித் தரமாட்டாரா?" என்றாள். அன்று சனிக்கிழமை. மறுநாள் அவளுக்குச் சிறப்பு ஷிப்ட் இருந்தது. அதைச் சொல்லி விளக்க ஆரம்பித்தால் சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிடும். சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அவளுடைய நாள் மூன்று ஐம்பதுக்கு ஆரம்பிக்கும். இரண்டு அறை வீடு, ஒரே குளியலறை, அதன் கதவில் ஆணியடித்த ஒரே கண்ணாடி. அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஐந்தரைக்கு வண்டியெடுக்க வேண்டும். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மாமனாருக்குக் கை நடுக்கம். அடுப்பில் இரண்டு பாத்திரத்தை ஏற்றிவிட்டு, கணவனின் சட்டையைத் தேய்த்து, மாமனாரின் மாத்திரைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, தான் குளித்து வெளியே வரும்போது மணி நாலு நாற்பது. கம்பெனி பேருந்து முக்கில் வந்து நிற்பது ஐந்து ஐந்து. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு. பிறகு துணி, கடை, அடுத்த வேளை அடுப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் மாமனாருக்கு முகம் மழித்துவிடுவாள்.

"ஏம்மா, உன் ரூம்ல லென்ஸைப் பாக்கிற மாதிரி என் மோவாயைப் பாக்காதே. பயமா இருக்கு" என்பார் அவர்.

"ஆடாதீங்க மாமா. பேசினா வெட்டிடும்."

"வெட்டினா ரிஜக்ட் போட்டுடுவியா?"

வீட்டில் உள்ள எல்லாரும் அவள் கைபட்டுச் சீராகத்தான் வெளியே போனார்கள். மகளின் முடியை நுனி வெட்டுவதும் அவள்தான். அவளுடைய முடியைத்தான் யாரும் தொட்டதில்லை, அவள் உள்பட. இடுப்புவரை வரும் அடர்ந்த முடி. தலைக்குக் குளித்தால் காய மூன்று மணி நேரமாகும். வாரநாளில் காலையில் முடியாது. சாயங்காலம் குளித்து ஈரத்தோடு படுத்தால் சளி. சளி பிடித்தால் அறைக்குள் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் தலைக்குக் குளிப்பாள். துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வாரத் துணியெல்லாம் துவைப்பாள். துண்டை அவிழ்க்கும்போது பின்னங்கழுத்தில் முடி அப்படியே ஈரமாக இருக்கும். அதையே முறுக்கிக் கொண்டை போடுவாள். திங்கட்கிழமை தலை வலிக்கும்.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வருடம் அவளுக்கு ஒரு வழி திறந்திருந்தது. பகல் ஷிப்டுக்குத் தலைவியாக இருந்த அம்மாள் ஓய்வு பெறப்போகிறாள். அந்த இடத்துக்குப் பதினோரு வருடத்தில், தவறு நடந்தால் போடும் சிவப்புக் குறி ஒன்றுகூட விழாத பணி அட்டை வைத்திருப்பது தூசியக்கா ஒருத்திதான். பகல் ஷிப்ட் என்றால் ஒன்பது மணிக்கு வேலை. பேருந்து எட்டு பத்துக்கு. விடியலில் மூன்று மணி நேரம் அவளுக்குச் சொந்தமாகிவிடும். அந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வாய் என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். முகமூடிக்குள்ளும் வாய் ஓயாததால் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"ஒரு புதன்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு, காயற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பேன்."

"அவ்வளவுதானா? நான்கூட ஏதோ கோட்டை கட்டப்போறேன்னு நினைச்சேன்."

"உனக்கு முடி எலிவால். உனக்கென்ன தெரியும்."

மேலாளர் கூட்டம் போட்டது திங்கட்கிழமை மதியம். வெளியூரிலிருந்து லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். அவர்களோடு ஹாலில் ஒரு படம். பிறகு அவர்கள் கண்ணாடிச் சன்னல் வழியாக அறையில் வேலை நடப்பதைப் பார்ப்பார்கள். திட்டம் இதுதான்: பெண்கள் ஆறு மணிக்கு வந்து ஹாலில் காத்திருக்க வேண்டும். ஏழரைக்குப் படம். கழுவிக் காய்ந்து எட்டரைக்கெல்லாம் அறைக்குள். தாளில் பார்த்தால் எந்தத் தப்பும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகளுக்குக் கண் விரிந்தது. எந்த நாளும் ஏழு மணிக்கு முன் எழுப்பினால் சண்டைக்கு வருகிற பெண், வியாழக்கிழமை நாலு மணிக்குத் தானாக எழுந்து, கல்லூரி ஆண்டு விழாவுக்கு வாங்கிய ஒப்பனைப் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, கண்ணை மூடு."

"மணி நாலரை ஆகப்போகுது."

"மூடுன்னா மூடு. ஆடாதே. பஸ் உன்னை விட்டுட்டுப் போகாது."

"போகும்."

"போனா அப்பா பஸ்ல ஏறிப் போ. டிக்கெட் கேக்க மாட்டாரு."

மகளின் விரல் இமையின்மேல் பட்டது. தூசியக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை இன்னொருவர் தொட்டுச் சீர்செய்து எத்தனை வருடமாயிற்று என்று அவளுக்கே கணக்குத் தெரியவில்லை. பிறகு மகள் அவள் கையைப் பிடித்துக் கண்ணாடி முன் கொண்டுபோய் நிறுத்தினாள். சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்த கணவன், "யார் வந்திருக்கிறது நம்ம வீட்டுக்கு?" என்றான்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. தினமும் இப்படியே போகலாம்ல."

"போகலாம். தினமும் அடுப்பை யார் பாக்கிறது, நீங்களா?"

அவன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு பெண்களும் ஹாலில் நின்றார்கள். உட்காரச் சொல்லவில்லை, துணி கசங்கும் என்றார்கள். ஏழரைக்கு விருந்தாளிகள் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. விடுதியில் காலை உணவு முடிய நேரமாகிவிட்டதாம். வந்து சேர்ந்தது ஒன்பது பத்து. படம் எடுத்து முடித்தபோது ஒன்பது இருபத்தைந்து. ஒன்பதரைக்கு விருந்தாளிகளுக்கு ஒரு காணொளி; ஐந்து நிமிடத்தில் அது முடிந்ததும் சன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

மேலாளர் கைகளைத் தட்டினார். "பத்து நிமிஷம். கழுவிட்டு எல்லாரும் சீட்ல இருக்கணும். வர்றவங்க காலி ரூமையா பாப்பாங்க?"

"சார், அரை மணி கழுவணும், அரை மணி காயணும்" என்றாள் தூசியக்கா.

"முகமூடி போட்டதும் என்னம்மா தெரியப் போகுது?"

"தெரியறதுக்கு இல்லை சார். விழறதுக்கு."

"பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளிடம் போனார்.

பன்னிரண்டு பேர். இரண்டு குழாய். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். காலில் நின்றே மூன்று மணி நேரத்துக்கு மேல் போக்கியவர்களுக்குச் சோப்புப் போட நேரமில்லை. ஒருத்தி முகத்தைக் கழுவும்போதே இன்னொருத்தி அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். வாயாடி உதட்டுச் சாயத்தைக் கைக்குட்டையால் தேய்த்தாள். அது மூக்குவரை பரவியது. தூசியக்கா விடவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டு மூன்று தடவை அலசினாள். பின்னால் நின்றவர்கள், "அக்கா, போதும்க்கா, எங்களையும் பாருங்க" என்றார்கள்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தச் சோப்பு கண்ணில் பட்டால் எரிச்சல் உயிரை எடுக்கும். ஆகவே அந்த அறைப் பெண்கள் எல்லாரும் முகம் கழுவும்போது கண்ணை இறுக்கி மூடித்தான் கழுவுவார்கள். வருடக்கணக்கில் படிந்த பழக்கம். இறுக்கி மூடினால் இமையின் மடிப்பு உள்ளே போய்விடும். சோப்பும் தண்ணீரும் அங்கே போகாது. இமையில் எதையும் பூசியறியாத பெண்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. சுவரில் எழுதிவைத்த விதியிலும் இமையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு எல்லாரும் இருக்கையில். சன்னலுக்கு அப்பால் விருந்தாளிகள் வந்து நின்றார்கள். தூசியக்கா நுண்ணோக்கியின்மேல் குனிந்தாள். ஆறு தட்டு பார்த்திருப்பாள். ஏழாவது தட்டை எடுத்தபோது மூலையிலிருந்த மீட்டர் கத்தியது. சிவப்பு விளக்கு சுழன்றது. விருந்தாளிகளில் ஒருவர், இதுவும் வேலையின் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, தலையசைத்துச் சிரித்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். மேலாளர் அவர்களைக் காபிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மீட்டர் கத்தினால், அன்று பார்த்த தட்டுகளையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லாரும் வெளியே வந்து, இந்தத் தடவை அரை மணி கழுவி, அரை மணி காய்ந்து, மீண்டும் உள்ளே போனார்கள். அன்று அதற்கு நேரம் இருந்தது. தன் தட்டுகளைத் தானே பார்த்துக்கொண்டு வந்த தூசியக்கா, நாலாவது தட்டில் பதினேழாவது லென்ஸில் நிறுத்தினாள். விளிம்பில் ஒரு புள்ளி. தட்டைத் திருப்பினால் நீலம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ரோஜா நிறம். அவளுக்கு அது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. காலையில் மகளின் விரல் நுனியில் அதே நிறத்தைப் பார்த்திருந்தாள். லேசாக ஒரு தொடு, தெரியவே தெரியாது என்று மகள் சொன்ன மினுக்குத் தூள்.

பக்கத்தில் குனிந்து பார்த்த வாயாடி அபூர்வமாகக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அந்த ஒண்ணை மட்டும் எடுத்து ரிஜக்ட் டப்பாவில போட்டுடுங்க. மீட்டர் கத்தினது எங்க பவுடருக்கு. இது உங்களோடதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

"உங்க அட்டைக்கா. பகல் ஷிப்ட்."

தூசியக்கா தட்டின் எண்ணையும் லென்ஸின் எண்ணையும் குறித்துக்கொண்டாள். ஒன்று விழுந்திருந்தால் இன்னொன்றும் விழுந்திருக்கும். காரணத்தை எழுதாவிட்டால் எதைத் தேடுவது என்று அடுத்துப் பார்க்கிறவளுக்குத் தெரியாது. அந்த இன்னொன்று யாருடைய கண்ணுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு மணிக்கு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் விலகல் ஏடு திறந்திருந்தது. விதிக்கு மாறாக அறையில் எது நடந்தாலும் அதில் எழுத வேண்டும்: என்ன நடந்தது, எப்போது, காரணம் என்ன, யார் அனுமதித்தது. எழுத வேண்டியது அறையின் மூத்த பணியாளர். மேலாளர் ஏற்கெனவே ஒரு துண்டுத் தாளில் வாசகத்தை எழுதி வைத்திருந்தார்.

"இதை அப்படியே எழுதிடுங்கம்மா. யாரையும் பேர் சொல்லலை. யாருக்கும் பாதிப்பில்லை."

தாளில் இருந்தது ஒரே வரி: பணியாளர்களின் தனிப்பட்ட சுத்தக் குறைவால் தூசி அளவு கூடியது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். தனிப்பட்ட சுத்தக் குறைவு. பதினோரு வருடமாக மூன்று ஐம்பதுக்கு எழுந்து, நகத்தை ஒட்ட வெட்டி, எண்ணெய் வைக்காமல், கல்யாணத்துக்குக்கூட ஒரு பொட்டுப் பவுடர் இல்லாமல் போய் நாத்தனாரிடம் பேச்சு வாங்கி, வெடித்த கையைக் கையுறைக்குள் திணித்துக்கொண்டு வந்தவள், தான் அழுக்கு என்று தன் கையாலேயே எழுத வேண்டும். மற்ற பதினொரு பேரும் அழுக்கு என்றும் சேர்த்து எழுத வேண்டும். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"சார், பூசிக்கிட்டு வரச் சொன்னது நீங்க."

"நான் கழுவச் சொன்னேனே."

"பத்து நிமிஷத்துல."

"அம்மா, பகல் ஷிப்ட் லிஸ்ட் இங்கேதான் இருக்கு, இந்த டிராயர்ல. உங்க பேர்தான் மேலே. யோசிச்சு எழுதுங்க."

அவள் உட்கார்ந்தாள். நீல மையில், அவளுடைய வழக்கமான உருண்டையான எழுத்தில், அவசரப்படாமல் எழுதினாள். வாயாடி பிறகு அதைப் படித்துவிட்டு மனப்பாடமாகவே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"நாலாவது தட்டு, பதினேழாவது லென்ஸில் மினுக்குத் தூள் ஒன்று. என் இமை மடிப்பிலிருந்து விழுந்தது. மற்ற தட்டுகளிலும் இருக்கலாம், எல்லாம் திரும்பப் பார்க்கப்பட வேண்டும். வியாழக்கிழமை முகப்பூச்சுடன் வரும்படி மேலாளர் திங்கள் மதியம் கூட்டத்தில் சொன்னார். கழுவ முப்பது நிமிடம், காய முப்பது நிமிடம் விதி. கிடைத்தது பத்து நிமிடம். ஆட்கள் பன்னிரண்டு. குழாய் இரண்டு."

'யார் அனுமதித்தது' என்ற கட்டத்தில் 'மேலாளர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஏட்டைத் திருப்பி வைத்தாள்.

மேலாளர் படித்தார். முகம் சிவந்தது. "இதை அடிச்சிட்டு வேற எழுதுங்க."

"எழுதினது சரியாத்தான் சார் இருக்கு. தப்புன்னா நீங்களே அடிக்கலாம். மேலே மை பூசக் கூடாது, ஒரே கோடுதான். பக்கத்துல ஏன் அடிச்சீங்கன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடணும்."

"எனக்கே ரூல் சொல்றீங்களா?"

"ஏட்டுலயே அச்சடிச்சிருக்கு சார். முதல் பக்கம்."

ஏட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு, கிழித்தால் தெரிந்துவிடும். லென்ஸ் வாங்குகிறவர்கள் வரும்போதெல்லாம் முதலில் கேட்பது அந்த ஏட்டைத்தான். மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். ஏன் அடித்தேன் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். பேனாவைக் கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே வைத்திருந்தார். பிறகு மூடியைப் போட்டார்.

"நீங்க போகலாம்."

அவள் கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். "இன்னொண்ணு இருக்கு சார். மறந்துட்டேன்." அடுத்த வரிசையில் எழுதினாள்: "பணியாளர் கைகளில் தோல் வெடிப்பு, செதில். களிம்பு வழங்குவது நிறுத்தப்பட்டு ஆறு மாதம்." அனுமதித்தது யார் என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுவாரம் களிம்பு வந்தது. கழுவுமிடத்துச் சுவரில் புது வரி ஒன்று ஏறியது: இமை மடிப்பையும் துடைக்கவும். அதைச் சேர்க்கச் சொன்னது அவள்தான். அவள் அட்டையில் முதல் சிவப்புக் குறி விழுந்தது. இமை தன்னுடையதுதானே என்று அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மாதக் கடைசியில் பகல் ஷிப்ட் வேறொரு கூடத்திலிருந்து வந்த ஆளுக்குப் போயிற்று. குறி இல்லாத அட்டை வேண்டுமாம். அந்த ஆளுக்கு மூன்று வருட அனுபவம். குறி விழும்படி செய்தவருக்கு அட்டையே கிடையாது என்பதால் அவருக்கு எந்தக் குறியும் விழவில்லை.

வாயாடி மூன்று நாள் கொதித்தாள். "பேசாம அந்த ஒண்ணை டப்பாவில போட்டிருக்கலாம். நான் சொன்னேன்ல."

"சொன்னே."

"இப்போ என்னக்கா செய்யப் போறீங்க?"

தூசியக்கா அன்று மதியமே விடுப்புத் தாள் ஒன்றை வாங்கினாள். நாள்: புதன்கிழமை. காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: தலைக்குக் குளித்துக் காயவைக்க.

மேலாளர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னம்மா இது? சொந்த வேலைன்னு எழுதுங்க. இல்லை உடம்பு சரியில்லைன்னு போடுங்க."

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. காரணம்னு கேட்டிருக்கு, அதான் காரணம் எழுதியிருக்கேன்."

"இதுக்கெல்லாமா லீவு?"

"நாங்க பளிச்சுன்னு இருக்கணும்னு சொன்னீங்களே சார். அதுக்கு நேரம் இவ்வளவு ஆகும்."

அவளுக்கு அந்த வருடத்து விடுப்பில் பதினொன்று பாக்கியிருந்தது. மறுக்க வழியில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

புதன்கிழமை கணவன் வண்டிக்குப் போனான். மகள் கண்ணாடி முன் வழக்கமான நாற்பது நிமிடத்தைச் செலவழித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அம்மா, அன்னிக்கு என்னாலதானே?" என்று கேட்டாள்.

"உன்னால இல்லை. நீ நல்லாத்தான் போட்டே. கழுவத்தான் விடலை."

எட்டரைக்குக் குளித்தாள். மாடிப்படியின் பாதியில், வெயில் விழும் இடத்தில், முடியை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். துவைக்க வேண்டிய துணி குளியலறை மூலையில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள். பத்து மணிக்கு மாமனார் கீழே கதவருகில் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தார். தாடையில் இரண்டு நாள் தாடி.

"ஏம்மா, காஞ்சிடுச்சா?"

"இல்லை மாமா."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தடியில் முடியைப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் ஈரம்.

"ஆகற நேரம் ஆகும். உங்க தாடிக்கு இன்னிக்கு லீவு. உள்ளே போய் உக்காருங்க."

அவர் நடுங்கும் கையால் மோவாயைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். வெயில் படியில் ஒரு கட்டம் மேலே ஏறியது. அவளும் ஒரு படி ஏறி உட்கார்ந்தாள்.